மூன்றாம் விசிறி சொன்னது

போன மாதம், நான் கடைசியாக வேலை பார்த்த கொழும்புக் கந்தோரிலிருந்து நிரோஷா என்ற பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரையில் இருப்பவள் அவள்தான். கெட்டிக்காரி. அங்குள்ள சேர்வர் கணினிகளைக் கண்காணிக்கும் ஏற்பாட்டை அடியோடு மாற்றுகிறார்களாம். ஐ.பி.எம்.ஐ. என்ற பழைய முறை போய் ரெட்ஃபிஷ் என்ற புது முறை வருகிறதாம். மன்னாரில் பிறந்தவனை மீன் பெயர் சொல்லிப் பயங்காட்ட முடியாது என்று பகிடி விட்டேன். அவளும் சிரித்தாள். பிறகுதான் விசயத்துக்கு வந்தாள்.

"ஐயா, பழைய மெசினுகள் ஒரு நாளைக்கு எத்தினையோ அறிவித்தல் அனுப்புது. இருந்து வாசிக்க ஆளில்லை. இதில எதெதை நிப்பாட்டி விடலாம் எண்டு ஒரு பட்டியல் போட்டுத் தாறீங்களோ?"

"ஒண்டையும் நிப்பாட்டாதே பிள்ளை!" என்று கத்திவிட்டேன்.

குசினியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். மறுமுனையில் நிரோஷா பயந்துபோய், "ஐயா?" என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பட்டியல் தர மாட்டேன், அதற்குப் பதிலாக ஒரு விசயத்தை எழுதி அனுப்புகிறேன், வாசித்துவிட்டு உன் விருப்பப்படி செய் என்றேன். அவளுக்காக எழுதத் தொடங்கியதுதான் இது. எழுத எழுத, இதை முதலில் வேறொருவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று விளங்கியது. அதையும் செய்துவிட்டுத்தான் கடைசிப் பகுதியை எழுதியிருக்கிறேன்.

நான் ஓலைத்தொடுவாயில் பிறந்தவன். அப்பா, சித்தப்பா, அண்ணன்மார் எல்லாருக்கும் கடல்தான் தொழில். எனக்கோ வள்ளத்தில் ஏறினாலே தலை சுற்றும். வாந்தி எடுத்தே படிப்புக்குத் தள்ளப்பட்டவன் நான். வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி, கொழும்பில் ஒரு கடையில் கணினி திருத்தும் வேலை, நானாட்டானில் பெண் எடுத்து அங்கேயே குடியிருந்தது, இவ்வளவும்தான் என் முதல் பாதி. சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் மன்னார்ப் பட்டினத்தில் ஒரு உதவி நிறுவனம் கந்தோர் திறந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். சண்டையில் பிரிந்துபோனவர்களைத் தேடிச் சேர்த்துவைப்பது அதன் வேலை. அங்கே கணினித் தொழில்நுட்பவியலாளராகச் சேர்ந்தேன்.

வேலை எளிமையானது. இடம்பெயர்ந்து வந்து முகாம்களில் இருப்பவர்களின் பெயர்கள் ஒரு பட்டியலில் ஏறும். தன் ஆளைத் தேடி வருபவர் சொல்லும் பெயர் இன்னொரு பட்டியலில் ஏறும். இரண்டையும் ஒப்பிட்டுப் பொருந்துவதைக் காட்டுவது சேர்வரின் பொறுப்பு. பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம் மூன்றும் பொருந்தினால் திரையில் பச்சைக் கோடு விழும். அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக் கந்தோரே கைதட்டிய நாட்கள் உண்டு.

அந்தச் சேர்வர் வந்த அன்றுதான் அதுவரை நான் திருத்திய கணினிகளெல்லாம் ஊமைகள் என்று எனக்குத் தெரிந்தது. சாதாரணக் கணினி பழுதானால் பழுதான பிறகுதான் நமக்குத் தெரியும். இது அப்படியல்ல. தாய்ப்பலகையில் நகத்தளவில் ஒரு மேற்பார்வைச் சில்லு இருந்தது. விசிறி, மின்வழங்கி, வெப்பம் அளக்கும் உணரி எல்லாம் தங்கள் நிலைமையை ஓயாமல் அதனிடம் சொல்லும். யார் செய்த உறுப்பாக இருந்தாலும் எப்படிச் சொல்ல வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்க வேண்டும் என்று எல்லா உற்பத்தியாளரும் ஒத்துக்கொண்ட ஒழுங்குதான் ஐ.பி.எம்.ஐ. அளவு தாண்டினால் சில்லு அதைத் தன் நிகழ்வுப் பதிவில் ஒரு வரியாக எழுதிவைக்கும், சத்தம் போடும், மிஞ்சிப் போனால் இயந்திரத்தையே நிறுத்தும். கணினி நின்றாலும் மின்சாரம் இருக்கும்வரை அந்தச் சில்லு விழித்திருக்கும்.

இதையெல்லாம் எனக்குக் காட்டித் தந்தவர் வவுனியாத் தலைமைக் கந்தோரின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஜெபநேசன் சேர். மாதம் ஒருமுறை வருவார். வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். பிறகு திரைக்கு முதுகு காட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நான் வாசிக்க வேண்டும், அவர் கேட்பார். முதல் மாதம் நான் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் சரி சேர்" என்றேன்.

"'சரி' எண்ட பெயரில இதுக்குள்ள ஒரு உணரியும் இல்லை," என்றார் திரும்பாமலே. "இலக்கத்தைச் சொல்லும். உம்மட அபிப்பிராயத்தைப் பிறகு கேக்கிறன்."

உள்ளே போகும் காற்றின் வெப்பம், செயலியின் வெப்பம், விசிறி ஒன்று, இரண்டு, மூன்று, மின்வழங்கியின் அழுத்தம் என்று ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுவேன். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்பார். சில நேரம் "ம்" வராது. அப்போது நான் மறுபடி பார்த்துத் திருத்திச் சொல்ல வேண்டும். போன மாத இலக்கமெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அந்த மனிதரிடம் எனக்குப் பயமும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. பெரிய மதிப்பும் இருந்தது, அதை அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. குண்டு செய்ய உதவும் என்று, மதவாச்சி இராணுவச் சோதனைச் சாவடிக்கு இங்கால் பற்றரி கொண்டுவரத் தடை. சட்டைப் பொத்தான் அளவு பற்றரிக்கும் அதே தடைதான். சேர்வரின் கடிகாரத்தை ஓட வைப்பது அப்படியொரு பொத்தான் பற்றரி. அது தீர்ந்ததும், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் ஒரே பழைய நாளுக்குத் திரும்பிவிடும். நிகழ்வுப் பதிவில் இன்றைய வரிக்கும் போன மாத வரிக்கும் ஒரே திகதி விழும். எது புதிது, எது பழசு என்று பிரித்தறிய முடியாது. அதற்கு ஜெபநேசன் சேர் ஒரு நடைமுறை வகுத்தார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் பதிவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசி. ஒவ்வொரு வரியையும் கொப்பியில் எழுது. எழுதிய பிறகு சேர்வரிலுள்ள பதிவை அழி. அப்படிச் செய்தால் நாளைக்குப் பதிவில் இருப்பது எல்லாம் புதிது. திகதி இல்லாமலே திகதி தெரிந்துவிடும். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

கந்தோரில் பதிவுப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஸ்டெலா அக்கா. அவர் வைத்திருந்த நடைமுறை வேறு. தாளில் எழுதிய பெயர்கள் எல்லாவற்றையும், சேர்வரில் ஏற்றிய அன்றே குசினிக்குப் பின்னால் இருந்த தகரப் பீப்பாவில் போட்டு எரித்துவிடுவார். "பெயர்ப் பட்டியல் ஆற்ற கையில போய்ச் சேரும் எண்டு ஆருக்குத் தெரியும் அன்ரன்?" என்பார். அந்த நாட்களில் ஒரு பெயர் ஒரு தாளில் இருந்ததற்காகவே ஆட்கள் காணாமல் போனார்கள். அதனால் அவரோடு யாரும் விவாதிக்கவில்லை. பிரதி எடுத்து வெளியூருக்கு அனுப்பவும் யாரும் துணியவில்லை. ஒருவர் எந்த முகாமில் இருக்கிறார் என்ற விபரத்தைக் கடிதத்திலோ தொலைபேசியிலோ சொல்ல மாட்டோம். தேடுகிறவர் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும். முகாமின் பெயர் எழுதிய சீட்டு அவர் கைக்கு மட்டும் போகும். ஆக, உலகத்தில் அந்தப் பெயர்கள் இருந்த ஒரே இடம் அந்தச் சேர்வர்தான். உள்ளே இரண்டு வன்தட்டுகள் இருந்தன. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும். ஒன்று போனாலும் மற்றது காக்கும்.

பவளம்மா வந்தது அந்தக் காலத்தில்தான். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்கு அஞ்சி வந்து, நானாட்டான் பக்கம் குடியேறிய குடும்பம். கணவன் மனைவி இருவரும் வயலில் கூலி வேலை. ஒரே மகன் யோகராசா கட்டடம் கட்டும் மேசன் வேலைக்கென்று வன்னிப் பக்கம் போயிருந்தான். பாதை மூடியதோடு அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. மகனின் பெயரையும், பிறந்த இடமாக அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தின் பெயரையும் சொல்லிப் பதிந்தார். ஸ்டெலா அக்கா அதைச் சேர்வரில் ஏற்றிவிட்டு, தாளைப் பீப்பாவில் போட்டார். அதைப் பார்த்த பவளம்மா திடுக்கிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா தம்பி, எம்புள்ள பேர எழுதி நெருப்புல போடுறீங்க?"

"பயப்பிடாதேங்கோ அம்மா. பெயர் உள்ளுக்கு ஏறியிட்டுது," என்று சேர்வர் அறையைக் காட்டினேன்.

"அந்தப் பொட்டி கெட்டுப்போச்சின்னா?"

"அது சடாரெண்டு சாகாது அம்மா. சூடு ஏறினாச் சொல்லும், விசிறி தளர்ந்தாச் சொல்லும். எங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் சாகும்."

அவர் என் கையை விட்டார். அவரை ஆறுதல்படுத்தியதில் எனக்கே ஒரு பெருமை. நான் சொன்னது பொய்யும் அல்ல.

சில மாதத்தில் இரண்டாம் விசிறி நின்றது. புதியது கொழும்பிலிருந்து வர வேண்டும். அதற்கு அனுமதி எடுக்க எத்தனை மாதம் ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஜெபநேசன் சேர் வவுனியாவில் எங்கோ ஒரு கடையில் அதே அளவில் ஒரு விசிறியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். சேர்வரின் சொந்த விசிறிக்கு நான்கு வயர். இதற்கு இரண்டே வயர். காற்று நன்றாக வந்தது, ஆனால் தன் வேகத்தைச் சொல்லும் வயர் இல்லை. எவ்வளவு சுற்றினாலும் மேற்பார்வைச் சில்லுக்குப் பூச்சியம்தான் தெரியும். விசிறி செத்துவிட்டது என்று அது விடாமல் கூவத் தொடங்கியது.

கந்தோர் மதிலோடு ஒட்டியபடி ஒரு இராணுவக் காவலரண் இருந்தது. சத்தம் கேட்டு ஒரு சிப்பாய் துவக்கோடு யன்னலுக்கு வந்துவிட்டான்.

"மொகத மே சத்தே?" என்று, அது என்ன சத்தமென்று கேட்டான்.

ஸ்டெலா அக்காவுக்குச் சிங்களம் தெரியும். "ஃபான் எக கெடிலா மல்லி," என்று, விசிறி உடைந்துவிட்டது தம்பி என்று சொல்லிச் சிரித்துச் சமாளித்தார். சிப்பாய் உள்ளே வந்து பார்த்தான். பயந்த பொடியன்தான், மேசை விரிப்பையெல்லாம் தூக்கிப் பார்த்தான். அடுத்த நாள் அவர்களுடைய அதிகாரி வந்து, அந்தச் சத்தம் இனிக் கேட்கக்கூடாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். மரியாதையாகச் சொன்னதுதான் எங்களுக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

சத்தத்தை நிறுத்தினோம். விசிறி நின்றாலும் சூடு ஏறினாலும் இயந்திரம் தானாக நிற்பதற்கு ஒரே ஏற்பாடுதான் இருந்தது, அதையும் நிறுத்த வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அந்தப் பூச்சியத்தைப் பார்த்து அது நாள் முழுக்க நின்று நின்று போகும். வேலை முடிந்ததும் ஜெபநேசன் சேர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"இதின்ர வாயை நாங்கள் கட்டிப்போட்டம். இனி நீர்தான் இதுக்கு வாய். விளங்கிச்சோ?"

"ஓம் சேர்."

கொப்பியை வாங்கி முன்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினார்: விசிறி இரண்டு, பூச்சியம், வழமை. வேறெந்த விசிறிக்கும் இது வழமை அல்ல. அதுதான் அவர் மன்னாருக்கு வந்த கடைசி முறை. அதற்குப் பிறகு பாதை அனுமதி கிடைக்கவில்லை.

மின்சாரம் ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் போய் வரும். ஒவ்வொரு முறையும் பதிவில் அதே வரி விழும்: விசிறி இரண்டு, பூச்சியம். ஒரு கிழமை, இரண்டு கிழமை நான் ஒழுங்காக எழுதினேன். பிறகு பக்கம் பக்கமாக ஒரே வரியை எழுதுவது எனக்கே விசர்த்தனமாகத் தெரிந்தது. "இரண்டு, வழக்கம் போல" என்று ஒரே வரியில் எழுதத் தொடங்கினேன். பிறகு முதல் சில வரியைப் பார்த்துவிட்டு மிச்சமும் அதுதான் என்று அழித்தேன். நிரோஷா, இந்த இடத்தைக் கவனமாக வாசி. சோம்பேறித்தனம் என்று நான் இதை அன்று நினைக்கவில்லை, அனுபவம் என்று நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமை மூன்று முகாம்களிலிருந்து புதிய பட்டியல்கள் வந்தன. பின்னேரம் யோகராசாவுக்குப் பச்சைக் கோடு விழுந்தது. யோகராசா என்ற பெயரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். இவனைக் காட்டிக் கொடுத்தது அந்தத் தோட்டத்தின் பெயர்தான். ஸ்டெலா அக்கா துள்ளிக் குதித்தார். நானாட்டான் பக்கம் போகிற ஒருவரிடம், அடையாள அட்டையோடு நாளைக்கே வரச் சொல்லிப் பவளம்மாவுக்குச் செய்தி அனுப்பினார். பட்டியல் தாள்களை வழக்கம்போல எரித்தார்.

வெள்ளிக்கிழமை பவளம்மா வரவில்லை. சரி, திங்கட்கிழமை வருவார் என்றார் ஸ்டெலா அக்கா. அன்று பின்னேரம், மன்னார்த் தீவை வெளியோடு இணைக்கும் பாலத்தடிச் சோதனைச் சாவடியை வழக்கத்துக்கு முந்தியே மூடப்போகிறார்கள் என்று கதை வந்தது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் நான் தீவிலேயே மாட்டிக்கொள்வேன். நானாட்டானில் மனைவியும் பிள்ளைகளும் தனிய. பையைத் தோளில் போட்டபடி நின்றுகொண்டே பதிவைத் திறந்தேன். விசிறி இரண்டு, பூச்சியம். விசிறி இரண்டு, பூச்சியம். அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். திரை வெறுமையாகும் அந்த நொடியில், கீழ் வரி ஒன்றில் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று என்று கண்டேன்.

கண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை வருடமும் "கண்டது போல இருந்தது" என்று எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். பதிவு அழிந்துவிட்டது, ஆனால் இன்னொரு கட்டளை தட்டினால் மூன்றாம் விசிறியின் அப்போதைய வேகம் தெரிந்திருக்கும். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. இரண்டைத்தான் மூன்றாகக் கண்டேன் என்று சொல்லிக்கொண்டு ஓடினேன்.

மூன்றாம் விசிறி வன்தட்டுகளுக்கு நேரே இருந்தது. சனிக்கிழமை புதிதாகச் சனம் வந்ததால், பதிவு செய்வதற்காக ஸ்டெலா அக்கா சேர்வரைத் திங்கள்வரை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தார். மின்சாரம் இல்லை. ஜெனரேற்றரில் குளிரூட்டி வேலை செய்யாது. மண்மூட்டை அடுக்கி யன்னல் அடைத்த அறை. எப்போது அந்த விசிறி நின்றதென்று தெரியாது. சத்தம் போடச் சேர்வருக்கு வாய் இல்லை, தானாக நிற்கவும் வழியில்லை. திங்கட்கிழமை காலை நான் கதவைத் திறந்தபோது முகத்தில் சூடு அடித்தது. இரண்டு தட்டும் ஒன்றாகப் போயிருந்தன. கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தோம். பல மாதம் கழித்து, ஒன்றும் மீட்க முடியாது என்ற கடிதத்தோடு திரும்பி வந்தன.

அந்தத் திங்கட்கிழமை காலையே ஜெபநேசன் சேர் தொலைபேசியில் வந்தார்.

"என்ன சொன்னது?"

"ஒண்டும் சொல்லேல்லை சேர்."

"வெள்ளிக்கிழமை வாசிச்சனீரோ?"

"ஓம் சேர்."

"விசிறி மூண்டு?"

"மூவாயிரத்து நானூறு சேர்."

வாயில் வந்த ஒரு இலக்கம் அது. தொலைபேசியை வைத்த பிறகு கொப்பியை எடுத்து, வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் அதே இலக்கத்தை அதே பேனையால் எழுதினேன். அவர் அன்று "ம்" சொல்லவில்லை. அதன் பிறகு என்னோடு எத்தனையோ தடவை பேசியிருக்கிறார், சுகம் விசாரித்திருக்கிறார், என் பிள்ளைகளின் படிப்பைக் கேட்டிருக்கிறார். இலக்கம் மட்டும் கேட்கவேயில்லை.

அதே திங்கட்கிழமை பத்து மணிபோல் பவளம்மாவும் கணவர் ராமையாவும் வந்தார்கள். பவளம்மா தோய்த்து மடித்த சேலை உடுத்தியிருந்தார். கையில் மகனுக்கென்று ஒரு பொட்டலம். ஸ்டெலா அக்கா அழுதுகொண்டு உள்ளே போய்விட்டார். மூன்று முகாம்களில் எது என்று அவருக்கு ஞாபகம் இல்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பொட்டி சொல்லிட்டுத்தான் சாகும்னீங்களே தம்பி. சொல்லலீங்களா?"

"சொல்லேல்லை அம்மா," என்றேன். "திடீரெண்டு நிண்டிட்டுது. ஒருத்தராலயும் ஒண்டும் செய்திருக்கேலாது. ஆரிலயும் பிழை இல்லை."

ராமையா திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். பவளம்மா வாங்குப் பலகையில் இருந்து பொட்டலத்தின் முடிச்சை இறுக்கிக் கட்டினார். பிறகு இருவரும் எழும்பிப் போனார்கள்.

மூன்று முகாம்களுக்கும் போக ஸ்டெலா அக்கா அனுமதி கேட்டு அலைந்தார். கிடைக்கக் கிட்டத்தட்ட ஒரு மாதம். இரண்டாவது முகாமில் யோகராசாவின் படத்தை ஒருவர் அடையாளம் கண்டார். "இந்தப் பொடியனோ? போன கிழமைதான் பஸ்ஸில ஏத்தி வேற இடத்துக்குக் கொண்டு போனவை," என்றார். எந்த இடம் என்று அவருக்குத் தெரியாது. வேறு எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இன்றுவரை தெரியாது.

கந்தோர் மூடப்பட்டது. நான் கொழும்பில் வேலைக்குப் போனேன், குடும்பம் நானாட்டானிலேயே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு எச்சரிக்கையையும் நான் நிறுத்தியதில்லை, ஒரு வரியையும் வாசிக்காமல் அழித்ததில்லை. அதனால் நல்ல பெயர் கிடைத்தது. அன்ரன் கையில் இருக்கும் மெசின் சாகாது என்பார்கள். ஓய்வு பெற்ற அன்று அதைச் சொல்லித்தான் மாலை போட்டார்கள். அந்த மாலை என் கழுத்தில் கிடந்த நேரம் முழுக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பவளம்மாவைத் தேடிப் போனேன். நானாட்டானில் என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். இத்தனை வருடமும் அந்தப் பாதையால் போகாமல் சுற்றிப் போனவன் நான். வாய்க்கால் ஓரம் சின்னக் கல்வீடு. தனியே இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டு, "வாங்க தம்பி, உக்காருங்க," என்று கதிரையைத் தூசி தட்டிப் போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அம்மா, அண்டைக்கு அந்த மெசின் சொன்னது. வெள்ளிக்கிழமையே சொன்னது. நான்தான் வாசிக்காமல் அழிச்சனான். பேந்து உங்களிட்டப் பொய் சொன்னனான்."

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. எதையோ கணக்குப் பார்ப்பவர் போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, பிழை ஒங்க மேலயா தம்பி?"

"ஓம் அம்மா."

"ஸ்டெலா மிஸ்ஸு வியாழக்கெழமையே ஆள் விட்டாங்க," என்றார் மெதுவாக. "காலையிலேயே வரச் சொன்னாங்க. அறுவடை கடைசி நாளு. ஒரு நாள்தானே, திங்கக்கெழமை போவம்னு நான்தான் வயலுக்குப் போயிட்டேன். அவரு போகச் சொன்னாரு, நான்தான் கேக்கல. அப்பறம் நீங்க யாரு மேலயும் பிழை இல்லன்னு சொன்னீங்க. யாரு மேலயும் இல்லன்னா அப்ப எம்மேலதானே? வெள்ளிக்கெழமை வந்திருந்தா சீட்டு கைக்கு வந்திருக்கும்ல?"

பவளம்மா சுவரைப் பார்த்தார். அங்கே மகனின் படத்துக்குப் பக்கத்தில் ராமையாவின் படம், காய்ந்த பூமாலையோடு.

"அதுக்கப்பறம் அவரு எங்கூடப் பேசல தம்பி. ஒரே வீட்டுல இருந்தோம். சோறு போட்டா சாப்புடுவாரு. பேச மாட்டாரு. ஒரு நாள் கூலிக்குப் புள்ளைய வித்த பொம்பளன்னு மத்தவங்ககிட்ட சொல்லுவாரு. சாகுற அன்னைக்கும் மூஞ்சிய அந்தப் பக்கமாத் திருப்பிக்கிட்டாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அவரு போயி மூணு வருசம் ஆச்சு. ஒங்க வீடு இந்தா இருக்கு. மூணு வருசத்துக்கு முன்னாடி ஒருக்கா வந்திருக்கக் கூடாதா தம்பி?"